உன் அத்தையின் பெயருக்கு எதிரே நான் எழுதியது

அன்புள்ள அமல்,

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போன வாரத்தில் நான்கு முறை உன் எண்ணை அழைக்கப் போய், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். பேச்சு என்றால் நான் எப்போதும் பின்வாங்குபவன். எழுத்தில் அந்த அளவுக்கு இல்லை. முப்பத்தொரு வருடம் கடலூர் முதுநகரிலிருந்து ரயிலில் சிதம்பரம் போய், கல்லூரி நூலகத்தில் புத்தகங்களைப் பகுத்து அட்டை எழுதியவன் என்பதால், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். வரிசை இது:

1. என் கணையத்தில் இருப்பது என்ன, அது எப்படித் தெரியவந்தது.
2. சென்னை மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்.
3. உன் ரீட்டா அத்தை உண்மையில் எதனால் இறந்தாள்.
4. நீ செய்ய வேண்டியவை. இந்த நோய்க்கு மருத்துவரைத் தேடிய வழியில் நான் கற்றுக்கொண்டவை.
5. இதை உன் மனைவி செலினிடமே இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்பதும், அதற்கான காரணங்களும்.

மூன்றாவதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரே அதற்குப் போக என்னால் முடியவில்லை.

இப்போது எழுத வைத்தது நீ பேசிய ஒரு வார்த்தை. சென்ற ஞாயிறு மதியம் நீ செலினோடு பேசிக்கொண்டிருந்தாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது; நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "கம்பெனி மெடிக்கல்ல சுகர் கொஞ்சம் ஜாஸ்தின்னு வந்துருக்கு. தாத்தா சொத்துல எனக்குக் கெடச்சது இது ஒண்ணுதான்" என்று சொல்லி நீ சிரித்தாய். செலினும் சிரித்தாள். "உங்க பரம்பரைல வேற என்னென்ன இருக்குதுன்னு மாமாகிட்ட ஒரு லிஸ்ட் எழுதி வாங்கணும்" என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். வெயிலில் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அது பொய். அவள் வேடிக்கையாகக் கேட்ட அந்த லிஸ்ட்தான் இந்தக் கடிதம்.

முதலில் நோய். செலின் உன்னிடம் "கட்டி மாதிரி ஒண்ணு, ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். நீ பயந்துகொண்டு அங்கே தனியாகக் கிடக்க வேண்டாமென்று சுருக்கிச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் விரிவாகச் சொல்கிறேன். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்கே படுத்துக்கிடக்கும் ஒரு சுரப்பி. இலையின் நடுவே நரம்பு ஓடுவதுபோல் அதன் நீளத்துக்கு ஒரு குழாய் ஓடுகிறது. இருபுறமும் கிளைக் குழாய்கள் வந்து அதில் சேர்கின்றன. செரிமான நீர் அந்த வழியாகக் குடலுக்கு வருகிறது. சர்க்கரையை அடக்கும் இன்சுலினைச் சுரப்பதும் இதே உறுப்புதான். எனக்கு வந்திருப்பது அந்தக் குழாயின் உள்சுவரில் முளைத்து, கோழை போன்ற பிசுபிசுப்பான நீரைச் சுரக்கும் ஒரு வகைக் கட்டி. நீர் தேங்கத் தேங்கக் குழாய் வீங்கும். இப்படிப்பட்டவை எல்லாமே புற்றுநோய் அல்ல. கிளைக் குழாயில் இருப்பவற்றில் பல வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், கண்காணித்தால் போதும். நடுக் குழாய் வீங்கினாலோ, உள்ளே கெட்டியான முடிச்சு தெரிந்தாலோ புற்றுநோயாக மாறும் அபாயம் கூடுதல். எனக்குக் கிளைக் குழாயில் தொடங்கியது. இப்போது நடுக் குழாயும் வீங்கி, ஒரு சிறு முடிச்சும் தெரிகிறது. எண்டோஸ்கோப்பியின் முனையில் ஸ்கேன் கருவி வைத்து உள்ளேயிருந்தே பார்த்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியையும், அதோடு ஒட்டிய குடல் துண்டையும், பித்தப்பையையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பெரிய அறுவை சிகிச்சை. எடுத்ததைச் சோதித்த பிறகுதான் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம்.

அது தெரியவந்த கதையில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. சென்ற வருடத்துக்கு முந்தின வருடம், மழை தொடங்குவதற்கு முன் மேல்வயிற்றில் ஒரு மந்தமான வலி. பித்தப்பைக் கல்லாக இருக்கும், ஸ்கேன் எடுங்கள் என்றார்கள். முதுநகரில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நம் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடும் பெண் வேலை செய்கிறாள். அவள் ரிப்போர்ட்டைப் பார்ப்பாள், பூசை முடிந்ததும் யாரிடமாவது சொல்வாள் என்று நானே கற்பனை செய்துகொண்டு, செலினிடம் பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, காலை பாசஞ்சரில் சிதம்பரம் போனேன். அங்கே ஒரு மருத்துவர், ஒரு காலத்தில் எங்கள் நூலகத்தில் வந்து படித்தவர். "லைப்ரரில யாராவது பேசுனா ஒதட்டுல வெரல வெச்சுக் காட்டுவீங்களே சார். இப்ப நீங்க பேசணும். எங்க வலிக்குது, சத்தமா சொல்லுங்க" என்றார். ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் ஒன்றுமில்லை. கணையத்தில் இருந்தது. அவர் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நான் பாக்குற விஷயம் இல்ல சார். கணையத்தையே பாக்குறவங்ககிட்ட போகணும். பேப்பரை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க, படம் இருக்கற சி.டி.யும் வேணும். அவுங்க எழுத்தப் பாக்க மாட்டாங்க, படத்தத்தான் பாப்பாங்க" என்றார். இந்த நோயைப் பற்றி நான் பெற்ற முதல் நல்ல அறிவுரை அது. அதைப் பெற்றுக்கொண்டு வந்து, சி.டி.யை என் அலமாரியில் சட்டைகளுக்குக் கீழே வைத்துவிட்டு, மூன்று மாதம் சும்மா இருந்தேன். நடுவில் பெண்ணாடம் பக்கத்தில் பச்சிலைப் பொடி கொடுக்கும் ஒருவரிடம் ஆள் அனுப்பி வாங்கி, இரண்டு வாரம் சாப்பிட்டேன். இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் கணைய மருத்துவரிடம் போனேனா என்று தெரிந்துகொள்ளச் சிதம்பரம் மருத்துவர் வீட்டு எண்ணுக்கே பேசிவிட்டார். எடுத்தது செலின். மாலையில் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "மாமா, சிதம்பரத்துல உங்க ஃப்ரெண்டு போன் பண்ணாரு. அவரு டாக்டர்னு நீங்க சொல்லவே இல்லியே." அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள். புதுச்சேரியிலும் சென்னையிலுமாக ஐந்து மருத்துவமனைகளுக்குப் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "கணையத்துல கட்டின்னா அங்க யாரு பாப்பாங்க? அந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தினி பண்றீங்க? ஆபரேஷன் பண்றவரு, மருந்து குடுக்கறவரு, ஸ்கேன் படிக்கறவரு எல்லாம் ஒண்ணா உக்காந்து முடிவு பண்ணுவீங்களா, இல்ல நாங்க ஒவ்வொரு ரூமா ஏறி எறங்கணுமா?" ஓர் இடத்தில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்கள். "கேட்டா கோவம் வர்ற எடத்துக்கு நாம ஏன் மாமா போவணும்" என்று அந்தப் பெயரை அடித்துவிட்டாள். நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கேயே போய்ச் சேர்ந்திருப்பேன்.

இரண்டாவது. சென்னையில் எங்களைப் பார்த்த அறுவை மருத்துவர் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அவசரப்படாமல் பேசுகிறவர். வலி, எடை, சர்க்கரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, "ஐயா, உங்க குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்துதா? முக்கியமா கணையத்துல? அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டார். செலின் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் "இல்லை" என்றேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. செலின் சும்மா இல்லாமல், உதவி செய்வதாக நினைத்து, "மாமா, உங்க தங்கச்சி சின்ன வயசுல தவறிட்டாங்கல்ல?" என்றாள். "அது காமாலை" என்றேன். மருத்துவர் பேனாவை நிறுத்தினார். "காமாலை எதனால வந்துச்சுன்னு சொன்னாங்களா?" எனக்கு அங்கே ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்று கேள். "கல்லீரல் வீக்கம்னு சொன்னாங்க. தண்ணி சரியில்லாத நேரம்" என்று கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் குனிந்து 'குடும்ப வரலாறு: இல்லை' என்று எழுதினார். ஒரு வருடம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அதுதான் போன மாதம் எடுத்தது. நடுக் குழாய் வீங்கியிருப்பது அதில்தான் தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருப்பாரா, முன்பே எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்த்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஒருவேளை இதே இடத்துக்குத்தான் வந்திருப்போம். ஆனால் அவர் அந்தக் கேள்வியை ஒரு காரணத்தோடு கேட்டார். அவர் முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயத்தை அவரிடமிருந்து நான் பறித்துக்கொண்டேன். என்னோடு முடிகிற விஷயமாக இருந்தால் நானே விழுங்கிக்கொள்வேன். இது உன்னிடம் வருகிறது.

மூன்றாவது. ரீட்டா அத்தை கணையத்தில் புற்றுநோய் வந்து இறந்தாள். குழாயின் உள்சுவர் செல்களில் தொடங்கி, பித்தக் குழாயை நெருக்கி, அதனால் காமாலை வந்தது. புதுச்சேரியில் ஊசி குத்திச் சோதித்து உறுதி செய்தார்கள். அப்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். அடக்கத்துக்கு வந்து ஒரு பிடி மண் போட்டாய். உன்னிடமும் காமாலை என்றுதான் சொன்னோம். எனக்கும் உன் அம்மாவுக்கும் அத்தையின் புருஷனுக்கும் மட்டுமே தெரியும். இன்று அவர்கள் இருவரும் இல்லை.

எப்படி மறைத்தோம் என்றால், நான்தான் மறைத்தேன், என் கையெழுத்தில். நம் பங்குக் கோயிலில் சனிக்கிழமைதோறும் பதிவேடுகள் எழுதிக் கொடுப்பேன் என்பது உனக்கு நினைவிருக்கும். ஞானஸ்நானம், திருமணம், மரணம் என்று மூன்று பெரிய புத்தகங்கள். மரணப் பதிவேட்டில் பெயர், வயது, அடக்கம் செய்த நாள் இவற்றோடு, மரணத்தின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ரீட்டா இறப்பதற்குப் பத்து நாள் முன்பு அவளைப் பார்க்கப் போனேன். கண்ணும் தோலும் மஞ்சளாகி, அரிப்பில் கையெல்லாம் கீறல். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சத் தேய்ச்சு ஒரு நாள் குளிச்சதில்ல. இப்ப பாரு, எவ்ளோ லட்சணமா இருக்கேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் புருஷனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, பொஸ்தகத்துல நீதான எழுதுவ?"

"எந்தப் புஸ்தகம்?"

"தெரியாத மாரி கேக்காத. என்னைப் பொதைச்சப்பறம் எழுதுவியே, அந்தப் பொஸ்தகம்."

"இப்ப எதுக்கு ரீட்டா அந்தப் பேச்சு."

"பேசித்தான் ஆவணும். பொண்ணுக்கு வரன் பேசிட்டு இருக்கோம். பூசைல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி அவுங்க ஆளு கோயில்ல வந்து விசாரிப்பாங்க. புத்துநோய்னு எழுதிடாதண்ணே. காமாலைன்னு எழுது. பொய் இல்லல்ல? காமாலைதான இருக்குது."

அடக்கம் முடிந்த சனிக்கிழமை நான் காமாலை என்று எழுதினேன். அந்த வரியைப் பிறகு பல முறை நினைத்துப் பார்த்தேன். எழுத்து அச்சடித்தது போல இருந்தது. அத்தை மகளின் கல்யாணம் நடந்தது. பிறகு உனக்குப் பெண் பார்த்தபோது செலினின் அப்பா வந்து, "ஒங்க தங்கச்சி எதுல தவறுனாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்போது என்னிடம் யாரும் பொய் சொல்லும்படிக் கேட்கவில்லை. ரீட்டா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நானாகவே "காமாலை" என்றேன். அவர் கிளம்பிய பிறகு உன் அம்மா, "அவுங்ககிட்ட சொல்லிடலாங்க, பின்னாடி சங்கடம்" என்றாள். கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்றேன். பிறந்தான். அதற்குள் அவளே போய்விட்டாள்.

இதில் என் அப்பாவையும் சேர்க்க வேண்டும். நீ அவரைச் சர்க்கரை நோயில் இறந்த தாத்தா என்றுதான் அறிவாய். அறுபது வயதுவரை அவருக்குச் சர்க்கரை இல்லை. திடீரென்று வந்தது; அதே சமயம் முதுகுவலி, சட்டை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு மெலிவு. எட்டு மாதத்தில் போய்விட்டார். அந்த நாளில் யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை. அவருக்கும் இதுதானா என்று எனக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும் உண்டு. சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதுகிறேன்.

இத்தனை வருடம் இதை எப்படிச் சுமந்தேன் என்று நீ கேட்கலாம். உண்மையில் நான் சுமக்கவில்லை, அமல். அதுதான் வெட்கம். ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயில் கூண்டில் சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வேன். வீட்டிலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போவேன். 'பொய் சொன்னேன், பல முறை' என்று ஒரு வரி இருக்கும். என்ன பொய், யாரிடம் என்று நான் சொன்னதில்லை. எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. மன்னிப்புக் கிடைத்தது, செபம் சொன்னேன், எழுந்து வந்தேன். அந்த வருடத்துக்கு அந்தக் காரியம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுவேன். கடவுளிடம் சொல்லியாயிற்று என்பதால் மனிதர்களிடம் சொல்வது பாக்கியில்லை என்று எனக்குள் ஏதோ முடிவு செய்துகொண்டது. பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடமும், மேசைக்கு எதிரே இருந்த மருத்துவரிடமும் சொல்லாததைக் கூண்டுக்குள் பொதுவாகச் சொல்லி, அதையே நேர்மை என்று எண்ணியிருந்தேன்.

நான்காவது, நீ செய்ய வேண்டியவை. உன் சர்க்கரை பெரும்பாலும் சாதாரணச் சர்க்கரையாகத்தான் இருக்கும். முப்பத்தெட்டு வயதில், உட்கார்ந்தே வேலை, ஹோட்டல் சாப்பாடு என்று இருப்பவர்களுக்கு வருவது போன்றது. பதற வேண்டாம். ஆனால் அங்கே உன்னைப் பார்க்கும் மருத்துவரிடம், அத்தைக்குக் கணையப் புற்றுநோய், அப்பாவுக்குக் கணையக் குழாயில் கட்டி, தாத்தாவுக்குச் சந்தேகம் என்று இந்த மூன்றையும் சொல்லிவிடு. அவர் கேட்காவிட்டாலும் சொல். முயற்சி செய்யாமலே எடை குறைந்தாலோ, முதுகுவரை போகும் வயிற்று வலி இருந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்து மலம் வெளுத்தாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ, வாயு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் கடத்தாதே. நீ சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும். லீவில் வரும்போது மாடிக்குப் போய்ப் பிடித்துவிட்டு ஏலக்காய் மெல்லுகிறாய். இந்த நோய்க்கு அது ஒரு காரணம் என்று நான் படித்த எல்லா இடத்திலும் இருக்கிறது. விட்டுவிடு.

பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கிறார்கள். அதை முதலில் நோய் வந்தவனிடம், அதாவது என்னிடம், பார்க்க வேண்டும். என்னிடம் ஏதாவது இருந்தால் பிறகு உன்னிடம் அதை மட்டும் தேடலாம். என்னிடம் இல்லையென்றாலும் குடும்ப வரலாற்றை வைத்து உன்னைக் கண்காணிக்க வேண்டுமா, எந்த வயதிலிருந்து, எப்படி என்பதை இதையே பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவரைத் தேடுவதில் நான் கற்றது எல்லாம் செலின் போனில் கேட்ட கேள்விகள்தான். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது என்று நான் பயந்தேன். சென்னை அம்மாளிடமே அதைத் தயங்கிச் சொன்னபோது, "தாராளமா கேளுங்க ஐயா, இவ்ளோ பெரிய ஆபரேஷன்" என்று எங்கள் ஃபைலின் நகலை அவரே எடுத்துக் கொடுத்தார். இத்தனையும் சொன்ன நான், நல்ல மருத்துவரைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை, அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற முதல் படியிலேயே தவறினேன்.

ஐந்தாவது. இதைச் செலினிடம் இப்போதைக்குச் சொல்லாதே. காரணங்களை யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று, நாம் அவர்களை ஏமாற்றிப் பெண் எடுத்தோம் என்று அவள் நினைப்பாள். அவள் அப்பா நிச்சயம் நினைப்பார். இரண்டு, அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவனுக்கும் இது வருமோ என்று இரவும் பகலும் பயப்படுவாள். மூன்று, என் அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது; இந்த நேரத்தில் வீட்டில் குழப்பம் வேண்டாம். நீ வந்த பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவருக்கு நானே தனியாகப் போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் ஆகிறது. மருத்துவமனை எண்ணை இரண்டு முறை அழைத்தேன். எடுத்ததும் வைத்துவிட்டேன். வேறு வழியாகப் போகலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ரீட்டாவின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எதுவும் இல்லை. அவள் எதனால் இறந்தாள் என்று எழுத்தில் இருப்பது பங்குப் பதிவேட்டில் மட்டும்தான், அதுவும் பொய். முதலில் அதைத் திருத்தி, அந்த நகலை மருத்துவருக்கு அனுப்பிவிட்டால் நான் பேச வேண்டியிருக்காது. நேற்று காலை பத்து மணிக்குக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். இப்போதுள்ள சாமியார் இளைஞர். நான் எழுதிய புத்தகத்தை நானே எடுத்துப் பிரித்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து அந்த வரியைப் படித்தார். பிறகு, "அழிக்கவோ அடிக்கவோ கூடாதுங்க பெரியவரே. ஓரத்துல குறிப்பு எழுதலாம். நீங்க கையெழுத்துப் போடணும், சாட்சிக்கு ஒருத்தர் போடணும்" என்றார்.

நான் மாத்திரை போடாமல் வந்துவிட்டேன் என்று செலின் ஸ்கூட்டியில் மாத்திரையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அங்கே வந்து நின்றாள். சாமியாருக்கு வேறெதுவும் தெரியாது. "நல்ல நேரத்துக்கு வந்தம்மா. இதுல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடு" என்று புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் ஆசிரியை, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள். காமாலை என்ற வரியையும், ஓரத்தில் மை காயாத குறிப்பையும் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"மாமா, டாக்டரம்மா கேட்டப்ப நான் பக்கத்துலதான இருந்தேன்."

"ஆமாம்மா."

"நான் இருந்ததாலதான் இல்லன்னு சொன்னீங்களா?"

சாமியார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"சொல்லுங்க மாமா. நான் அன்னிக்கு வெளிய உக்காந்திருந்தா நெசத்தச் சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன்."

"ஒரு வருஷம்" என்றாள். "உங்கள ஒரு வருஷம் சும்மா உக்கார வெச்சிருக்கேன், நானு."

"நீ இல்லம்மா. நான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா எங்கப்பா யோசிச்சிருப்பாரு. வேணான்னு கூடச் சொல்லியிருப்பாரு. அது அவருக்கும் உங்களுக்கும் இருக்கற பேச்சு, அத அவர்கிட்டயே பேசிக்குங்க. எம் புருஷனுக்குச் சுகர் வந்துருக்குது. எம் புள்ளைக்கு இது இருக்குதா இல்லியான்னு நான் கேக்கணுமா வேணாமா? கேக்கணும்னே எனக்குத் தெரியலன்னா நான் எப்படிக் கேப்பேன்?"

கையெழுத்துப் போட்டாள். புத்தகத்தை மூடாமலே தன் போனை எடுத்து மருத்துவமனைக்கு அழைத்தாள். நோயாளிகளின் விவரத்தைக் கவனிக்கும் நர்ஸ் எடுத்ததும், "ஃபேமிலி ஹிஸ்டரில ஒரு கரெக்‌ஷன் இருக்குது. பேஷண்டே சொல்லுவாரு" என்று என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். தப்பிக்க இடமில்லை. என் தங்கை, கணையப் புற்றுநோய் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா சார்" என்றாள் அந்த நர்ஸ். மறுபடி சொன்னேன். வயது கேட்டாள். நாற்பத்தொன்பது. அப்பாவைப் பற்றியும் சொன்னேன். முன்பு ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவே இல்லை, எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். மாலையில் அறுவை மருத்துவரே அழைத்தார். மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுக்க அடுத்த வாரமே வரச் சொன்னார். அறுவை சிகிச்சை நாள் மாறவில்லை. நீ லீவில் வரும்போது ஒரு நாள் ஒதுக்கி அவரை வந்து பார்க்க வேண்டுமாம். இந்தப் பரம்பரைச் சோதனைகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே அங்கே ஒருவர் இருக்கிறாராம். செலினும் கூட வரலாமா என்று கேட்டேன். "அவங்க வராம எப்படி?" என்றார்.

நேற்றிலிருந்து செலின் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். சாப்பாடு வைக்கிறாள், மாத்திரையை எடுத்து நீட்டுகிறாள், போய்விடுகிறாள். அது சரிதான். இன்று காலை இந்தக் கடிதத்தை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். ஐந்தாவது பகுதியை இரண்டு முறை படித்ததைப் பார்த்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்து, "இத மாத்தி எழுதாதீங்க, அப்படியே அனுப்புங்க. அவரும் பாக்கட்டும்" என்றாள்.

அதனால் அப்படியே அனுப்புகிறேன். ஐந்தாவதாக நான் எழுதியது தவறு, அமல். அவளிடம் சொல்லக்கூடாது என்பதற்கு மூன்று காரணங்களை வரிசையாக எழுதியிருக்கிறேன். மூன்றிலும் பயந்தவன் நான் ஒருவன்தான்.

உன் அப்பா